சக்கர நாற்காலியிலிருந்து எழுந்த மருத்துவமனை

1954-ல் நடந்த ஒரு கார் விபத்து இளம் டாக்டர் ஒருவரின் கால்களைப் பறித்தது. தென்னிந்தியாவில் முதுகுத்தண்டு முறிந்தவர்களின் வாழ்க்கை அதனால் மாறியது. அப்படியானால் அந்த விபத்து கடவுளின் திட்டமா?

நாராயணவனத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் ஒரு கல்யாணத்தை நினைத்துத்தான். ஆகாசராஜனின் மகள் பத்மாவதியை ஸ்ரீநிவாசன் கைப்பிடித்தது இங்கேதான் என்பது ஐதீகம். அந்தக் கல்யாணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனைத்தான் திருமலை உண்டியல் இன்னமும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். கல்யாண வெங்கடேசர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தெலுங்கும் தமிழும் கலந்தே காதில் விழும். 2022-ல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ஊர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.

சில கிலோமீட்டர் தள்ளி புத்தூர். அங்கே இறங்குகிறவர்களின் வேலை வேறு. தொங்கும் கையை இன்னொரு கையால் தாங்கியபடி வருவார்கள். இரண்டு பேர் தோளில் சாய்ந்து நொண்டி வருவார்கள். தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூடப் பெயர்ப் பலகையாகத் தொங்கும் 'புத்தூர் கட்டு' பிறந்த இடம் இது. வேட்டையில் அடிபட்ட முயலின் கால் ஒரு பச்சிலையால் கூடியதைப் பார்த்துக் கண்டுபிடித்த வைத்தியம் என்று கதை சொல்வார்கள். பச்சிலை விழுது, முட்டை, மூங்கில் பட்டை, துணி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவற்றை நம்பி ஜனங்கள் வருகிறார்கள். எலும்புக்குக் கூடிக்கொள்ளும் குணம் உண்டு. சரியான நிலையில் அசையாமல் வைத்தால் போதும்.

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்துக்கு அந்தக் குணம் இல்லை. அது அறுந்தால் புத்தூர் கட்டாலும் முடியாது, நியூயார்க் ஆபரேஷனாலும் முடியாது. புளியமரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறியவர், சாரம் சரிந்து கீழே வந்தவர், பைக்கோடு லாரியில் மோதியவர் என்று இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனவர்களைக் குடும்பத்தார் தூக்கிச் செல்லும் இடங்களில் ஒன்று, சித்தூர் வழியாக நூறு கிலோமீட்டர் போல் தள்ளியிருக்கும் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சொந்தமான மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. அந்த மையத்தின் வரலாறு, அதே கல்லூரியில் படித்த ஒரு டாக்டரின் முதுகெலும்பு முறிந்ததிலிருந்து தொடங்குகிறது.

வேலூருக்கும் சித்தூருக்கும் இடையே இன்று மாநில எல்லை இருக்கிறது. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை இரண்டும் ஒரே வட ஆற்காடு. அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிக் குடும்பம் ஸ்கடர் குடும்பம். அதில் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடருக்கு மிஷனரி ஆவதில் துளியும் விருப்பம் இருக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் இளம் மனைவிகளைக் காப்பாற்றச் சொல்லி அவரிடம் வந்தார்கள். அவரது அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டரை உள்ளே விட மூவருக்கும் மனமில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டராகி 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இந்தக் கதையை வேலூரில் கேட்காமல் யாரும் தப்பிக்க முடியாது. அதனாலேயே அதன் கூர்மை கொஞ்சம் மழுங்கிப்போய்விட்டது என்றும் சொல்லலாம்.

அதே கல்லூரியின் இன்னொரு கதை அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை.

மேரி வர்கீஸ் 1925-ல் கொச்சிப் பகுதியில் வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எர்ணாகுளத்தில் படித்துவிட்டு, வேலூரில் எம்.பி.பி.எஸ். முடித்தார். பெண்கள் நோய் மருத்துவமும் பிரசவமும் தன் துறை என்று முடிவு செய்திருந்தார். 1954-ல் இளம் டாக்டர்கள் சிலர் சேர்ந்து காரில் வெளியூர் கிளம்பினார்கள். வண்டி உருண்டது. மேரியின் முகம் கிழிந்தது, முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை, எதுவும் உணரவில்லை. வயது முப்பதைத் தொடவில்லை.

அந்தக் காலத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை, தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலோர் அதிக நாள் உயிரோடு இருந்ததில்லை. கொன்றது முறிவு அல்ல. உணர்வில்லாத தோல் படுக்கையில் அழுந்தி அழுந்திப் புண்ணாகி எலும்புவரை குழியும். சிறுநீர்ப்பை தன் வேலையை மறந்து, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறும். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இதை மாற்றத் தொடங்கினார். அவர் செய்தது பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் போடச் சொன்னார், இரவிலும் விடாமல். பிறகு கையில் பந்தைக் கொடுத்தார். இன்றைய பாராலிம்பிக்ஸின் வேர் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் இருக்கிறது. ஆனால் 1954-ல் இந்தியாவில் இப்படிப்பட்டவர்களுக்கென்று முறையான உள்நோயாளி மறுவாழ்வுத் துறை எந்த மருத்துவமனையிலும் இருக்கவில்லை. ஆபரேஷன் உண்டு, பிரார்த்தனை உண்டு, அதற்குப் பிறகு வீட்டின் பின்கட்டில் ஒரு கட்டில் உண்டு.

பிரசவ வார்டில் மணிக்கணக்கில் நின்று வேலை செய்யவேண்டியவருக்கு இனி அந்த வேலை இல்லை. இந்த இடத்தில் நுழைந்தவர் பால் பிராண்ட்.

பிராண்டுக்கே ஒரு காயம் இருந்தது. 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் அவருடைய அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே விஷக் காய்ச்சலில் இறந்தார். தந்திதான் முதலில் வந்தது. அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக, தந்திக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. பிராண்ட் கட்டட வேலை பழகி, பிறகு டாக்டராகி, 1946-ல் வேலூர் வந்து சேர்ந்தார். அம்மா ஈவ்லின் மலையை விட்டு முழுதாகப் போகவே இல்லை. மிஷன் ஓய்வு கொடுத்தபிறகும் மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகச் சுற்றி, தொண்ணூறைத் தாண்டிய வயதில் 1974-ல் இறந்தார்.

வேலூர் வந்த புதிதில் பிராண்ட் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். மடங்கிச் சுருண்டுபோன கை ஒன்றைப் பிடித்துப் பார்த்து, அழுத்தச் சொன்னார். அந்தக் கை அவர் கையை நெரித்தது. எல்லாத் தசையும் செத்துவிடவில்லை, சில நரம்புகள் மட்டுமே போயிருக்கின்றன என்பது அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் உயிரோடு இருக்கும் தசையின் நாணை எடுத்து, செத்த தசையின் வேலையைச் செய்ய மாற்றித் தைக்கலாம். அங்கிருந்து பிறந்ததுதான் தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தும் ஆபரேஷன்.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு பிறகு வந்தது. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியது. பிராண்டும் அவர் கூட்டாளிகளும் ஒவ்வொரு காயத்தின் மூலத்தையும் துப்பறிந்தார்கள். வலி தெரியாமல் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், ஆணி ஏறிய செருப்போடு நடக்கிறார்கள். இரவில் படுத்தவர் காலையில் எழுந்தால் விரலின் ஒரு பகுதியைக் காணோம். எலி தின்றது தெரியவில்லை. அதன்பிறகு ஊருக்குத் திரும்பும் நோயாளிக்கு மருந்தோடு பூனையும் கொடுத்தனுப்பினார்கள். விரலை அழித்தது கிருமி நேரடியாக அல்ல, வலி இல்லாமை. 1953-ல் அமெரிக்கப் பயணம் முடிந்து லண்டன் வந்த பிராண்ட், இரவு காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வே இல்லாததைக் கண்டு நடுங்கினார். தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே நினைத்தார். விடியும்வரை தூக்கமில்லை. காலையில் ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். வலித்தது! வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்று பின்னர் சொல்லிக்கொண்டிருந்தார். வலியை வரம் என்று சொல்லும் உரிமை யாருக்காவது உண்டென்றால் அது அவருக்குத்தான். ஆனால் அவர் சொன்னது உடம்பின் வலியை, காப்பாற்றும் எச்சரிக்கை மணி என்ற பொருளில். துயரங்களெல்லாம் நல்லவை என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொள்வது தவறு.

இந்த மனிதர்தான் கட்டிலில் கிடந்த மேரியிடம் யோசனை சொன்னார். வயிற்று ஆபரேஷனுக்கு நிற்கவேண்டும். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். செத்த கால்களை விட்டுவிட்டு உயிருள்ள கைகளைக் கணக்கில் எடு, என்பதுதான் அதன் சாரம். ஒரு விதத்தில் அது தசைநாண் மாற்று ஆபரேஷனின் தர்க்கமேதான்.

மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யத் தொடங்கினார். இங்கேதான் கதை வழக்கமான 'தன்னம்பிக்கை' கட்டுரைகளிலிருந்து விலகுகிறது. மேரியின் இடுப்புக்குக் கீழே இருந்த உடம்பும், எதிரே உட்கார்ந்திருந்த தொழுநோயாளியின் கையும் ஒரே நோயின் இரண்டு கிளைகள் போல. இரண்டுக்கும் வலி தெரியாது. இரண்டும் காயத்தை எச்சரிக்கையில்லாமல் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் கண்ணால் பார்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். உணர்விழந்த தோலை நாள் தவறாமல் சோதித்துப் பார்க்கச் சொல்லும் டாக்டர், அதைத் தானும் தினமும் செய்தாக வேண்டியவராக இருந்தார். ஊர் ஒதுக்கிய நோயாளிக்கு, தன்னைப்போலவே முடமான ஒருவர் வெள்ளைக் கோட்டில் வந்து கத்தியைப் பிடிப்பது எத்தனை மருந்துக்குச் சமம் என்பதைப் பிராண்ட் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

மேரி பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்காகப் போனார். தண்டுவடம் முறிந்தவர்களுக்கென்றே இயங்கும் பிரிவை அங்கே பார்த்தார். தானே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், யாரையும் எதிர்பாராமல் வாழவும் பழகினார். பார்த்ததோடு நிற்கவில்லை, இது இந்தியாவில் ஏன் இல்லை என்ற கேள்வியோடு நியூயார்க் போனார். போரில் காயம்பட்ட விமானப்படையினருக்கு மறுவாழ்வு கொடுத்துப் பெயர் பெற்ற ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயிற்சி. 1963-ல் வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். 1966-ல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986 டிசம்பரில் காலமானார். டோரதி கிளார்க் வில்சன் 1963-ல் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு உலகமெங்கும் கிறிஸ்தவ வீடுகளில் படிக்கப்பட்டது.

கால்களைக் கேட்டேன், சிறகுகள் கிடைத்தன என்ற பொருளில் மேரி சொன்னது பின்னால் வாழ்த்து அட்டை வாசகமாகவே ஆகிவிட்டது. வாழ்த்து அட்டைகளில் இடம் குறைவு. சிறுநீர்க்குழாய், படுக்கைப் புண், தசைப் பிடிப்பு, அடுத்தடுத்த ஆபரேஷன்கள், ஒவ்வொரு மாடிப்படியின் முன்னாலும் யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருப்பது, இவற்றுக்கு அதில் இடமில்லை. அந்தச் சிறகுகளுக்குக் கொடுத்த விலை முப்பத்திரண்டு வருடங்கள்.

அப்படியானால் அந்த விபத்து எதற்காக நடந்தது? பக்தியுள்ளவர்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு: இந்த மையம் வரவேண்டும் என்பதற்காகவே. ஆறுதலான பதில்தான். கொஞ்சம் நின்று யோசித்தால் பயமும் தரும். ஒரு மருத்துவமனைக்காக ஒரு பெண்ணின் முதுகெலும்பை முறிக்கிற கடவுளிடம் யார் பிரார்த்தனை செய்வார்? நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு பதில் உண்டு. தலையெழுத்து, முன்வினை, யார் செய்த பாவமோ. கிறிஸ்தவ வீடுகளிலும் இந்தக் குரல் கேட்கத்தான் செய்கிறது. பெயர் மட்டும் மாறும்.

யோவானின் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் இதே கேள்வி வருகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்கிறார் இயேசு. அடுத்து வரும் வாக்கியத்தில் பண்டிதர்களுக்கிடையே வழக்கு உண்டு. கடவுளின் செயல் வெளிப்படுவதற்காகவே அவன் குருடனாகப் பிறந்தான் என்று படிப்பவர்கள் பலர். பழைய கிரேக்கச் சுவடிகளில் நிறுத்தற்குறிகள் கிடையாது. ஆகவே வாக்கியத்தை வேறு இடத்தில் நிறுத்தி, கடவுளின் செயல் இவனிடம் வெளிப்பட நாம் பகல் இருக்கும்போதே வேலை செய்யவேண்டும் என்று படிப்பவர்களும் உண்டு. எது சரியோ, அதற்கடுத்து நடப்பதில் வழக்கில்லை. இயேசு விளக்கத்தைத் தொடராமல் தரையில் உமிழ்ந்து, சேற்றைக் குழைத்து, அவன் கண்ணில் பூசுகிறார்.

மேரியின் வாழ்க்கை இந்த இரண்டாவது வாசிப்பின் பக்கமே சாய்கிறது. அவருடைய விசுவாசம் 'ஏன்' என்பதற்கு விடை கொடுத்ததாக வைத்துப் பார்த்தால், பெர்த்தும் நியூயார்க்கும் புரியாது. விடை கிடைத்தவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். மிச்சம் இருந்த கைகளை ஒப்படைக்க ஒரு இடத்தைத்தான் அந்த விசுவாசம் கொடுத்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்றின் ஆங்கிலத் தலைப்பே, என் கைகளை எடுத்துக்கொள்ளும் என்ற வேண்டுதல்தான். நோக்கம் விபத்துக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. கரிகிரியிலும் பாகாயத்திலும் நாள் நாளாக உண்டாக்கப்பட்டது.

இது ஒரு மதத்தாரின் தனிச்சொத்தும் அல்ல. தென்காசி பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ. மேரி சிலுவையின் முன் வைத்ததை அவர் வேறு சந்நிதியில் வைத்தார். நடந்தது என்னவோ ஒன்றுபோலவே இருக்கிறது: தனக்குக் கிடைக்காததை அடுத்தவருக்கு ஏற்பாடு செய்வது.

வேலை தீர்ந்துவிடவில்லை. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இன்றும் இந்தியாவில்தான். சாலைகள் அகலமாகிவிட்டன, வண்டிகள் வேகமாகிவிட்டன, முதுகெலும்புகள் முறிந்துகொண்டே இருக்கின்றன. உயிர் பிழைப்பது முன்பைவிட எளிது. பிழைத்தபிறகு குடிசை வாசலில் சாய்வுப் பாதையும், போய்வரக் கழிப்பறையும், உட்கார்ந்து செய்ய ஒரு தொழிலும் கிடைப்பதுதான் கஷ்டம். கோவணம் கட்டி ஏர் பிடித்தவரிடம் கணக்கு எழுதும் வேலையைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. அதனால்தான் பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவைக்கப்படுகிறார்கள். புரட்டிப் போட, குழாய் மாற்ற, வண்டியில் ஏற்ற அம்மாவும் மனைவியும் தம்பியும் கற்றுக்கொண்டாக வேண்டும். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று பல மொழிகளில் ஒரே பாடம் நடக்கிறது.

அங்கே வருடம்தோறும் மறுவாழ்வு மேளா நடக்கும். பல வருடங்களுக்கு முன் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவர்கள் சக்கர நாற்காலிகளோடு வந்து சேருகிறார்கள். சிறுநீரகச் சோதனை, வண்டிப் பழுது, விளையாட்டுப் போட்டி, சாப்பாடு, அரட்டை எல்லாம் உண்டு. பழையவர்கள் சந்தித்துக்கொள்ளும்போது முதலில் விசாரிப்பது பிள்ளைகுட்டிகளை அல்ல, புண் இருக்கிறதா என்பதைத்தான். புதிதாக அடிபட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்களும் அந்தச் சமயத்தில் இருப்பார்கள். அவர்களிடம் பழையவர்கள் கடவுளின் திட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட, முதுகுப் பக்கத்துத் தோலைப் பார்க்கக் கைக்கண்ணாடியை எந்தக் கோணத்தில் பிடிக்கவேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதே அதிகம்.